முப்பது ஞாயிறுகள் நான் பார்த்த டிரைவர் வேலை

1

சென்ற செவ்வாய்க்கிழமை காலை ஒன்பது மணிக்கு, தொழிற்சாலை வாசலில் அடையாள அட்டையை எடுக்கும் நேரத்தில், ஆரணியிலிருந்து என் அக்கா அழைத்தாள். வழக்கமாக ஞாயிறு மாலையில் நான்தான் அழைப்பேன். வேலை நாளில் அவளே அழைத்தால் ஏதோ நடந்திருக்கிறது என்று பொருள்.

"தம்பி, எங்கிட்ட மறைக்காத. வேல போயிடுச்சா?"

"யாரு சொன்னது?"

"யாரோ ஒரு பொம்பளகிட்ட லோடு வண்டி ஓட்டறியாமே. டிரைவருங்களோட ஷெட்டுல உக்காந்து பன்னு தின்னுகினு இருந்தியாம். நம்ம தெருக்கோடி வீட்டு இன்ஜினியர் அந்த ஷெட்டு இருக்கற அபார்ட்மெண்ட்லதான் குடியிருக்காரு, அவரு பாத்திருக்காரு. உனக்கு சங்கடமா இருக்குமேன்னு பாக்காத மாதிரி போயிட்டாராம். நல்ல மனுஷன்."

நான் அவளுக்குச் சொன்ன பதிலைக் கடைசியில் எழுதுகிறேன். பெங்களூருக்கு வந்து இந்த மாதத்தோடு இருபத்து மூன்று ஆண்டுகள் ஆகின்றன. இத்தனை ஆண்டுகளில் நம் பள்ளி முன்னாள் மாணவர் மடலுக்கு நான் ஒரு வரிகூட எழுதியதில்லை. இப்போது எழுதக் காரணம், ஆரணியில் ஒரு செய்தி அக்கா வரை வந்துவிட்டதென்றால் மற்ற எல்லோரிடமும் ஏற்கெனவே போய்ச் சேர்ந்திருக்கும்.

அந்தச் செய்தியில் நான்கு பகுதிகள். லோடு வண்டி: உண்மை. ஷெட்: உண்மை. பன்: உண்மை, இரண்டு. வேலை போனது: அதற்கு முறையாக வர வேண்டும்.

2

பொம்மனஹள்ளியில் ஓர் ஆயத்த ஆடைத் தொழிற்சாலையில் நான் துணி சோதிக்கும் பிரிவில் இருக்கிறேன். வந்திறங்கும் துணியை விளக்கு மேடைமேல் ஓடவிட்டு, குறை தெரிகிற இடத்தில் சிவப்பு அம்பு ஸ்டிக்கர் ஒட்டுவது எங்கள் வேலை. அம்பு விரல் நகம் அளவுதான் இருக்கும். அதன் முனை குறையைத் தொட வேண்டும், மூடிவிடக் கூடாது. என் சட்டைப் பையில் எப்போதும் ஒரு தாள் அம்பு இருக்கும். வீட்டில் ஒரே ஒரு முறை, சப்பாத்தி கருகிய இடத்தைக் காட்டித் தட்டின் விளிம்பில் ஒட்டினேன். அதன்பின் இரண்டு நாள் நானே சப்பாத்தி சுட்டேன்.

என் மனைவி சுமதி. மகள் பவித்ரா, வண்டி வாங்கியபோது பத்தொன்பது வயது ஐந்து மாதம். பி.காம். படிக்கிறாள். இங்கேயே பிறந்தவள். தமிழ் பேசுவாள், பள்ளியில் கன்னடம் எடுத்ததால் படிக்க வராது. நான் குறிப்பேட்டில் எழுதும்போது எட்டிப் பார்த்து, "என்னப்பா இது, எறும்பு நடந்த மாதிரி," என்பாள். கோபம் வந்தால் முழுக்கக் கன்னடம். அதனால் வீட்டில் சண்டை போடும்போது எனக்குப் பாதி புரியாது. அது ஒரு வசதியாகவே இருந்து வந்திருக்கிறது.

மொட்டை மாடியில் பவித்ரா துளசி, புதினா, கற்றாழை, மணி பிளாண்ட் என்று நூற்று எழுபது தொட்டிகள் வைத்திருந்தாள். ஸ்கூட்டரில் இரண்டு கூடை கட்டி அடுக்ககங்களுக்குக் கொண்டுபோய்க் கொடுத்துக்கொண்டிருந்தாள். வைட்ஃபீல்டில் ஒரு பெரிய அடுக்ககத்தின் குடியிருப்போர் சங்கம், ஞாயிறு காலைச் சந்தையில் அவளுக்கு ஓர் இடம் தர ஒத்துக்கொண்டது. ஒரு நிபந்தனை உண்டு. சரக்கு சொந்த வண்டியில் வர வேண்டும், ஏழு மணிக்குள் உள்ளே இருக்க வேண்டும். முதல் ஞாயிறு வராவிட்டால் காத்திருப்புப் பட்டியலில் அடுத்தவருக்கு இடம் போய்விடும்.

"அப்பா, ஒரு பழைய சோட்டா ஹாத்தி வாங்கலாமா?"

ஊரில் நாம் குட்டி யானை என்போமே, அந்தச் சின்ன லோடு வண்டிதான். அவள் ஓட்டுநர் பள்ளியில் கற்று, முதல் தேர்விலேயே உரிமம் வாங்கியவள். நான் சரி என்றேன். நல்ல வண்டியாகப் பார்க்கும் பொறுப்பை நானே எடுத்துக்கொண்டேன். அன்று கையில் ஐந்து வாரம் இருந்தது.

3

நான் பட்டியல் எழுதினேன். மொத்தம் நாற்பத்தோரு இனங்கள். சில மட்டும் சொல்கிறேன், யாருக்காவது உதவும்.

வண்டியைப் பார்க்கக் காலையில் சொல்லாமல் போக வேண்டும். இன்ஜின் மேல் கை வைத்தால் ஆறியிருக்க வேண்டும். சூடாக இருந்தால், நாம் வருவதற்கு முன் யாரோ பாடுபட்டு அதைக் கிளப்பியிருக்கிறார்கள். ஒரு காந்தத்தைத் துணியில் சுற்றி உடம்பு முழுக்க வைத்துப் பார்க்க வேண்டும். ஒட்டாமல் விழும் இடத்தில் தகட்டுக்குப் பதில் பட்டிப் பூச்சும் பெயிண்டும் இருக்கின்றன. சரக்குத் தட்டின் பாயைத் தூக்கி அடியில் துருவைப் பார்க்க வேண்டும். டயர் ஒரு பக்கம் மட்டும் தேய்ந்திருக்கக் கூடாது.

இவை எல்லோரும் பார்ப்பவை. புதிதாக ஓட்டும் பெண்ணுக்கு என்று நான் சேர்த்தவை வேறு. இருக்கையில் உட்கார்ந்தால் அவள் பாதம் கிளட்சை முழுக்க மிதிக்க வேண்டும். பெல்ட் கழுத்தில் படாமல் தோளில் படிய வேண்டும். வண்டி வேகமாகப் போகக் கூடாது.

கடைசி இனத்தைக் கேட்டு என் மெக்கானிக் நசீர் பாய் ஸ்பானரைக் கீழே வைத்துவிட்டார். "அரே சார், அறுவதுக்கு மேல போனா ஆடற வண்டிய எல்லாரும் நக்கோ, வேணாம்னு சொல்வாங்க. நீங்க அதத்தான் தேடறீங்களா?"

"ஆடக் கூடாது பாய். ஆனா போகவும் கூடாது."

"அதுக்கு மாட்டு வண்டி வாங்குங்க."

பதினோரு வண்டிகளை நிராகரித்தேன். ஓசூரில் ஒன்று நன்றாகவே இருந்தது, ஆனால் தமிழ்நாட்டுப் பதிவு. இங்கே மாற்ற வேண்டிய காகிதங்களை எழுதிப் பார்த்தேன், ஒரு பக்கம் வந்தது. விட்டுவிட்டேன். பழைய வண்டி விற்கும் கொட்டகை ஒன்றில், பழக்க தோஷத்தில் குறை கண்ட இடங்களில் எல்லாம் சிவப்பு அம்பை ஒட்டிவிட்டேன். சுற்றி வந்து பார்த்தபோது வண்டிக்கு அம்மை போட்டதுபோல் இருந்தது. அதற்குள் வேறொருவர் குடும்பத்தோடு அதைப் பார்க்க வந்துவிட்டார். கொட்டகைக்காரர் என்னைத் துரத்தவில்லை, கையெடுத்துக் கும்பிட்டார். அது அதைவிட மோசம்.

பவித்ரா நான்கு வாரம் பொறுத்தாள். பதினோராவது வண்டியில் இடது கதவு இரண்டாம் முறைதான் சாத்திக்கொள்கிறது என்று நான் எழுதியபோது கேட்டாள்.

"உண்மைய சொல்லுங்கப்பா. வண்டில கொற இருக்கா, இல்ல நான் ஓட்டறது உங்களுக்கு இஷ்டம் இல்லியா?"

"கதவு சாத்தல பாரும்மா."

"கதவு சாத்தலன்னா ரெண்டு தடவ சாத்தணும். ஸ்டால் போயிடும்பா." அதன் பிறகு சொன்னதெல்லாம் கன்னடம்.

4

பன்னிரண்டாவது வண்டி லிங்கராஜபுரத்தில் கிடைத்தது. உரிமையாளர் ஸ்டீபன், மூன்று தலைமுறையாக அங்கேயே இருக்கும் தமிழர், சின்ன பேக்கரி வைத்திருப்பவர். பேக்கரியை மகனிடம் விட்டுவிட்டுப் பெரிய வண்டி வாங்கியிருந்தார். பழைய வண்டியில் கடைகளுக்குப் பன், ரொட்டி ஏற்றிப் போவதைத் தவிர வேறொன்றும் செய்ததில்லை என்றார். நான் காலை ஆறு மணிக்குச் சொல்லாமல் போய் நின்றேன். இன்ஜின் ஆறியிருந்தது. காந்தம் எல்லா இடத்திலும் ஒட்டியது. நான் வண்டிக்கடியில் படுத்திருந்தபோது ஸ்டீபனின் செருப்பு மட்டும் தெரிந்தது.

"இன்னா சார், வண்டி வாங்க வந்தியா, போஸ்ட்மார்ட்டம் பண்ண வந்தியா?"

"பின்னாடி ஸ்பிரிங் பட்டைல ஒண்ணு மட்டும் புதுசா இருக்கே?"

"ஒட்ஞ்சது, மாத்தினேன். பில்லு டின்ல கீது. எல்லா பில்லும் கீது. பிஸ்கட் டின்ல வெச்சிகீறேன், எறும்பு வராது." குனிந்து என் முகத்தைப் பார்த்தார். "யாருக்கு சார் வண்டி?"

"எம்பொண்ணுக்கு."

"நல்லது. இந்த வண்டி யாரையும் ஏமாத்தாது. வேகம் மட்டும் கேக்காதே. அறுவது தாண்டாது."

நான் வண்டிக்கடியிலிருந்து வெளியே வந்தேன். பவித்ரா இருக்கையில் ஏறி உட்கார்ந்து கிளட்சை மிதித்தாள். முழுக்க மிதிபட்டது. தோளில் பெல்ட் படிந்தது. உள்ளே ரொட்டி வாசனை, இன்றுவரை போகவில்லை. அவள் ஜன்னல் வழியாக என் சட்டைப் பையையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் கையை உயர்த்தி, அதில் அம்பு இல்லை என்று காட்டினேன். நாற்பத்தோரு இனங்களில் முப்பத்தொன்பது தேறின. வைப்பர் ரப்பர், வலது கண்ணாடி இரண்டும் சில்லறை.

ஸ்டால் தொடங்க ஆறு நாள் இருந்தது.

5

பெயர் மாற்றப் போக்குவரத்து அலுவலகத்துக்குப் போனோம். நான் எல்லாக் காகிதங்களும் மூன்று பிரதி வைத்திருந்தேன். சேசிஸ் எண்மீது தாள் வைத்துப் பென்சிலால் தேய்த்து எடுத்த படிவம்கூட மூன்று. முகப்பில் இருந்த ஊழியர் அடுக்கைப் பார்த்து மகிழ்ந்தார். அந்த மகிழ்ச்சியில்தான் கேட்டார், யார் ஓட்டப் போகிறார்கள் என்று.

எனக்குப் பெருமை தாங்கவில்லை. என் கன்னடத்தில் சொன்னேன்: "நன்ன மகளு, சார். ஹத்தொம்பத்து வருஷ."

என் கன்னடத்தைக் கேட்டதும் அவர் தமிழுக்கு மாறினார். இருபத்து மூன்று ஆண்டுகளாக எல்லோரும் அப்படித்தான் மாறுகிறார்கள். "பத்தொம்பதா? மஞ்ச போர்டு சார் இது, சரக்கு வண்டி. இருபது முடியணும். அவங்க கார் ஓட்டலாம், இத ஓட்டக் கூடாது. பேர் மாத்திக்கலாம், அது ஒண்ணும் பிரச்சன இல்ல."

வெளியே ஜெராக்ஸ் கடை நிழலில் நின்றோம். பவித்ரா அழவில்லை. என் குறிப்பேட்டைக் கையில் வாங்கி, படிக்கத் தெரியாத பக்கத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"நாப்பத்தோரு பாயிண்ட் எழுதினீங்களேப்பா. ஓட்டறவ யாருன்னு ஒரு பாயிண்ட் இல்லியா?"

இல்லை. துணியில் ஒரு நூல் விடுபட்டாலும் கண்டுபிடிக்கிறவன், ஓட்டுகிறவளின் வயதைப் பார்க்கவில்லை. உரிமம் இருக்கிறது, போதும் என்று நினைத்துவிட்டேன். இன்னொன்றையும் எழுத வேண்டும். அந்த ஊழியர் 'கூடாது' என்ற நொடியில் என் மனத்தின் ஒரு மூலையில் நிம்மதி வந்தது. ஏழு மாதம் அவள் வைட்ஃபீல்டு போகும் அந்த ரிங் ரோட்டில் ஓட்ட மாட்டாள் என்ற நிம்மதி. கதவைப் பற்றி அவள் கேட்டதற்கு அதுதான் பதில். அவள் கண்டுபிடித்திருந்தாள், நான் கண்டுபிடிக்கவில்லை.

நசீர் பாயை அழைத்து, ஞாயிறு காலைக்கு டிரைவர் கிடைப்பாரா என்று கேட்டேன். "ஞாயித்துக்கெழம அஞ்சு மணிக்கு யாரு சார் வருவா? பொண்ணே ஓட்டட்டும். நான் பதினாலு வயசுல இருந்து ஓட்றேன், எவன் கேட்டான்?"

ஸ்பீக்கரில் இருந்ததால் பவித்ராவும் கேட்டாள். நான் சரி என்று சொல்வேனா என்று என் முகத்தைப் பார்த்தாள்.

"ஏதாவது ஆச்சுன்னா இன்ஷூரன்ஸ் நிக்காது பாய்," என்றேன்.

அவள் குறிப்பேட்டை என்னிடம் கொடுத்துவிட்டுப் பேருந்து நிறுத்தத்துக்குத் தனியாக நடந்தாள்.

எனக்குப் பதினாறு வயதில் ஆரணியில் நான் மொபெட் ஓட்டியது உங்களில் சிலருக்கு நினைவிருக்கும். பட்டு நூல் மூட்டை மூன்றைப் பின்னால் கட்டிக்கொண்டு, பேருந்து நிலையத்து டீக்கடை பெஞ்சுக்கு அடியில் போய் நின்றேன். பெஞ்சில் இருந்தவர்கள் காலைத் தூக்கிக்கொண்டார்கள், டீகூடச் சிந்தவில்லை. என்னை யாரும் வயது கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டும்.

வீட்டுக்கு வந்ததும் சொன்னேன்: "நான் ஓட்டறேன். ஏழு மாசம்."

சுமதி சிரித்துச் சிரித்துத் தரையில் உட்கார்ந்துவிட்டாள். "நீங்களா? ஸ்கூட்டர்லயே சில்க் போர்டு சிக்னல் வந்தா எறங்கித் தள்ளிக்கிட்டுப் போவீங்க!"

எனக்குக் கார் உரிமம் உண்டு. பதினைந்து ஆண்டுகளுக்கு முன் வாங்கியது. அதன்பின் ஸ்டீரிங்கைத் தொட்டதில்லை. பவித்ரா தன் அறையிலிருந்து வெளியே வந்தாள். சிரிக்கவில்லை.

"டெஸ்ட் வெப்பேன். பாஸானாதான் என் செடி ஏறும்." கையை நீட்டினாள். "அந்த ஸ்டிக்கர் தாள் ஒண்ணு குடுங்க."

6

பேகூர்ப் பக்கம் வீடு கட்டாத ஒரு லேஅவுட் இருக்கிறது. புதன், வியாழன், வெள்ளி மூன்று நாளும் மாலை நான்கரைக்கு அங்கே போனோம். ஓட்டிப் போகும் பொறுப்பு நசீர் பாயுடையது. லேஅவுட்டில் நான் ஓட்டுவேன், பவித்ரா இடப்பக்கம் உட்காருவாள். கிளட்ச் மேல் காலை வைத்தே ஓட்டினால் என் இடது முழங்காலில் ஓர் அம்பு. கண்ணாடி பார்க்காமல் திரும்பினால் கன்னத்தில். தேவையில்லாமல் ஹாரன் அடித்தால் கட்டைவிரலில். முதல் நாள் பதினேழு அம்புகளோடு வீட்டுக்கு வந்தேன். சுமதி கதவைத் திறந்து, "வாங்க, எந்த ரோலு துணி?" என்றாள்.

பவித்ரா என் குறிப்பேட்டிலேயே அறிக்கை எழுதினாள். தமிழ்ச் சொற்கள், கன்னட எழுத்து. நான் கன்னட எழுத்தைப் பேருந்துப் பலகைகளில் கற்றவன், ஒவ்வோர் எழுத்தாகக் கூட்டித்தான் படிப்பேன். கி... ள... ச்சு... மே... ல... கா... லு. ஒரு குறையைப் படித்து முடிக்க அரை நிமிடம் ஆனது. அவசரமாகப் பார்த்துவிட்டுப் பக்கத்தைத் திருப்ப முடியாது. எங்கள் தொழிற்சாலையிலும் அறிக்கைகளை இப்படிக் கொடுத்தால் நல்லது என்று தோன்றியது.

வியாழன் பதினொன்று, தோல்வி. வெள்ளி ஆறு. பவித்ரா வண்டியை நிறுத்தச் சொன்னாள்.

"பரவால்ல. ஆனா நாப்பதுக்கு மேல போகக் கூடாது."

"நானே அதத்தாம்மா எழுதியிருந்தேன்."

"தெரியும். இப்ப உங்களுக்குச் சொல்றேன்."

7

முதல் ஞாயிறு காலை ஐந்து மணிக்கு அறுபது தொட்டிகளை ஏற்றினோம். மாரத்தஹள்ளி மேம்பாலத்தில் ஒரு கற்றாழை விழுந்து உடைந்தது. அதற்கு ஓர் அம்பு. ஆறு ஐம்பத்திரண்டுக்கு வாசலில் நின்றோம். காவலாளி கையிலிருந்த டேப்லெட்டில் தட்டிக்கொண்டே கேட்டார்: "ஓனர் யாரு? டிரைவர் யாரு?"

பவித்ரா ஓனர். நான் டிரைவர். டிரைவர்கள் சந்தைக்குள் வரக் கூடாது, பின்பக்க ஷெட்டில் உட்கார வேண்டும் என்பது அங்கே விதி. சரக்கை இறக்கிவிட்டு ஷெட்டுக்குப் போனேன். மஞ்சு என்ற காய்கறி வண்டி ஓட்டுநர் பெஞ்சில் இடம் கொடுத்தார். கன்னடக்காரர், ஆனால் நான் இரண்டு வாக்கியம் பேசியதும் அவரும் தமிழுக்கு மாறினார்.

"புதுசா அண்ணா? அந்த செடி மேடம்கிட்ட எவ்ளோ வருஷமா இருக்கீங்க?"

"பத்தொம்பது."

அவர் விரலை மடக்கி எண்ணினார். "மேடமுக்கே அவ்ளோதான வயசு இருக்கும்?"

"பொறந்ததுல இருந்து அங்கதான்."

அவர் இன்னும் யோசித்துக்கொண்டிருக்கும்போது பவித்ரா காகிதத்தில் சுற்றிய இரண்டு பன்னோடு வந்தாள். "அப்பா, சாப்டுங்க. புதினா முழுக்கப் போயிடுச்சு!" மஞ்சு பெஞ்சிலிருந்து எழுந்தே விட்டார். அன்றிலிருந்து ஷெட்டில் என் பெயர் 'ஓனர் அப்பா'. அப்படி ஒரு ஞாயிறு காலை பன் தின்றுகொண்டிருந்தபோதுதான் இன்ஜினியர் என்னைப் பார்த்திருக்கிறார். அவர் நின்று பேசியிருந்தால் அவருக்கும் ஒன்று கொடுத்திருப்பேன்.

முப்பது ஞாயிறுகள் ஓட்டினேன். விடுபட்ட நாள் இல்லை. அம்புகள் ஐந்து, மூன்று, நான்கு, இரண்டு என்று இறங்கின. மழைக்காலத்தில் ஒரு முறை ஒன்பதுக்கு ஏறின. முப்பதாவது ஞாயிறு வீட்டுக்கு வந்து சட்டை, கால்சட்டை, கன்னம் எல்லாம் தடவிப் பார்த்தேன். ஒன்றும் அகப்படவில்லை. சுமதி என்னைத் திருப்பி நிறுத்திப் பார்த்தாள். சட்டைக் காலரின் பின்னால் ஒரு பச்சை வட்டம். தேறிய துணிக்கு நாங்கள் ஒட்டும் ஸ்டிக்கர் அது. என் பையிலிருந்து பவித்ரா அதை எப்போது எடுத்தாள் என்று தெரியவில்லை.

8

சென்ற வெள்ளிக்கிழமை பவித்ராவுக்கு இருபது வயது நிறைந்தது. வியாழனே போக்குவரத்து அலுவலகத்துக்குப் போய் அதே ஊழியரிடம் மறுபடி கேட்டேன். இனித் தடையில்லை என்றார். காப்பீட்டு அலுவலகத்திலும் கேட்டேன். இரண்டு பதிலையும் எழுதிக்கொண்டேன். பட்டியலில் நாற்பத்திரண்டாவது இனமாக 'ஓட்டுநர் வயது' சேர்த்து, அதற்கு எதிரே சரி போட்டேன்.

ஞாயிறு காலை அவள் வலப்பக்கம் ஏறினாள், நான் இடப்பக்கம். என் பையில் முழுத் தாள் அம்பு இருந்தது. சில்க் போர்டில் ஒரு பேருந்து எங்களை உரசிக்கொண்டு வந்தபோது என் வலது கால், அங்கே இல்லாத பிரேக்கை மிதித்தது. மாரத்தஹள்ளி மேம்பாலத்தில் அவள் கியரைக் கொஞ்சம் தாமதமாக மாற்றினாள். என் கை பைக்குப் போனது.

"என்னப்பா தேடறீங்க?"

"கர்சீப்."

"அம்பு ஒட்டணும்னா ஒட்டுங்க. கியர் லேட்டுன்னு எனக்கே தெரியும்."

"தெரிஞ்சா சரி," என்றேன். கையை வெளியே எடுத்துவிட்டேன். பின்னால் தொட்டிகள் ஒன்றோடொன்று மெதுவாக இடித்துக்கொள்ளும் சத்தம் மட்டும் கேட்டது. ஆறு நாற்பத்தொன்றுக்கு வாசலில் நின்றோம். ஒரு தொட்டியும் விழவில்லை.

காவலாளி டேப்லெட்டைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "டிரைவர் மாறிட்டாங்களா? சாரை என்ன பண்றது? ஓனரும் இல்ல, டிரைவரும் இல்ல."

பவித்ரா யோசித்தாள். "விசிட்டர்னு போடுங்க."

விசிட்டர்கள் சந்தைக்குள் போகலாம். முப்பது வாரத்துக்குப் பிறகு அவள் கடையை முதல் முறையாக அருகில் பார்த்தேன். தொட்டிகள் உயர வரிசையில் அடுக்கியிருந்தன, ஒவ்வொன்றின் பெயரும் மூன்று மொழியில். தமிழ்ப் பெயர்கள் மட்டும் கோணல்மாணலாக, எறும்பு நடந்த மாதிரி. யாரிடம் கற்றாய் என்று கேட்டேன். உங்கள் நோட்டைப் பார்த்துத்தான் எழுதிப் பழகினேன் என்றாள். 'புதினா' என்பதில் ஒரு சுழி குறைவாக இருந்தது. அதற்கும் ஒட்டவில்லை. தாளில் முப்பது அம்புகள், வீட்டுக்கு வந்து எண்ணினேன், முப்பதும் இருக்கின்றன.

கிளம்பும் முன் ஷெட்டுக்குப் போய் மஞ்சுவிடம் சொல்லிக்கொண்டேன். அவர் வருத்தத்தோடு என் கையைப் பிடித்தார். "பி பிளாக்குல ஒருத்தரு டிரைவர் கேக்கறாரு. உங்களப் பத்தி சொல்லட்டா ஓனர் அப்பா?"

அதற்கு இரண்டு நாள் கழித்துத்தான் அக்கா அழைத்தாள், வேலை போய்விட்டதா என்று. நான் எதையும் மிகைப்படுத்தியோ குறைத்தோ சொல்கிறவன் அல்ல என்று உங்களுக்குத் தெரியும்.

"ஆமாக்கா," என்றேன். "ஞாயித்துக்கெழமதான் போச்சு."